சாக்கடையே இல்லாத தெருவில் மலேரியா எப்படி?

பள்ளத்தூர்க்காரன் | 6 அக்டோபர், காலை 7.50

எங்கள் பழைய வளவு வீட்டைப் பார்த்துக்கொள்கிற பெரியவருக்கு ஆனி மாதம் மலேரியா. மாத்திரை போட்டு மூன்று நாளில் காய்ச்சல் விட்டது. இப்போது புரட்டாசியில் மறுபடி அதே குளிர், அதே நடுக்கம், ரத்தத்தில் அதே விவாக்ஸ் வகை மலேரியாக் கிருமி. தெருவில் சாக்கடை கிடையாது. வீட்டில் ஆள் புழக்கமும் கிடையாது. சாக்கடை இல்லாத இடத்தில் மலேரியாவுக்கு வேலை இல்லை என்பது என் கட்சி. ஆகவே ஒன்று சோதனை தப்பு, இல்லை மாத்திரை போலி. எது?

இரண்டாம்கட்டு | 6 அக்டோபர், காலை 9.15

இரண்டும் இல்லை. சாக்கடையில் வளர்வது கியூலெக்ஸ். அது யானைக்கால் நோய்க்கான கொசு. மலேரியாவைச் சுமப்பது அனாஃபிலிஸ். வீட்டோடு ஒட்டி வளரும் அனாஃபிலிஸ் ஸ்டீபன்சிக்குத் தெளிந்த தண்ணீர் வேண்டும்: மாடித் தொட்டி, தரைத் தொட்டி, கிணறு, கட்டட வேலைக்குத் தேக்கிய நீர். நம் ஊர் வெயிலுக்கு முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். ஆள் புழக்கம் இல்லை என்று நீங்கள் பெருமையாகச் சொன்னதுதான் அதற்குச் சௌகரியம். மூடியைத் திறந்து பார்க்க யார் இருக்கிறார்கள்?

நுண்ணாடி | 6 அக்டோபர், காலை 11.02

மேலே சொன்னது முதல் தடவைக்குப் பொருந்தலாம். இரண்டாம் தடவைக்குக் கொசுவே வேண்டாம். விவாக்ஸ் கிருமியில் ஒரு பங்கு கல்லீரலுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். குளோரோகுயின் ரத்தத்தில் இருப்பதை மட்டும் கொல்லும், அதனால் காய்ச்சல் விடும். படுத்திருப்பது சில வாரத்திலும் எழும், எட்டுப் பத்து மாதம் கழித்தும் எழும். அதற்கான மருந்து பிரைமாகுயின், 14 நாள். பெரியவர் அதை முழுசாகச் சாப்பிட்டாரா?

பள்ளத்தூர்க்காரன் | 6 அக்டோபர், மாலை 6.20

கேட்டேன். நாலு நாள் சாப்பிட்டாராம். காய்ச்சல் விட்டதும் மீதியை மாடத்தில் வைத்துவிட்டார். பத்திரமாக இருக்கிறது என்கிறார்.

நுண்ணாடி | 6 அக்டோபர், இரவு 9.40

கல்லீரலில் இருப்பதும் அதேபோல் பத்திரமாக இருந்திருக்கிறது.

மாடத்தில் இருப்பதை எடுத்து விட்ட இடத்திலிருந்து தொடரச் சொல்லாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எல்லாம் இலவசம்தான். புதிதாக வாங்கி முதல் நாளிலிருந்து தொடங்கவேண்டும். அளவு எடைக் கணக்கு. குளோரோகுயின் கிலோவுக்கு 25 மி.கி., மூன்று நாளில் 10, 10, 5 என்று பிரித்து. பெரியவர்களுக்கு 150 மி.கி. மாத்திரை என்றால் நாலு, நாலு, இரண்டு. பிரைமாகுயின் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.25 மி.கி., சாதாரண உடம்புக்கு 15 மி.கி. அறுபது கிலோவுக்கு மேல் கனத்த ஆளாக இருந்தால் 15 குறைவாகப் போகும். அப்படிக் குறைந்தாலும் திரும்ப வரும், அதனால் எடை பார்த்து எழுதச் சொல்லுங்கள்.

வெறும் வயிற்றில் பிரைமாகுயின் போட்டால் வயிற்றைப் பிசையும். பலர் நாலாம் நாள் நிறுத்துவதற்குப் பாதிக் காரணம் இதுதான். சோற்றுக்குப் பின் போடவேண்டும். மாத்திரை போட்டு அரை மணிக்குள் வாந்தி வந்தால் அந்த வேளை கணக்கில் சேராது. செவிலியரிடம் சொல்லி மறுபடி போடவேண்டும்.

ஜி6பிடி என்பது ரத்தச் சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி. அதில் குறைபாடு உள்ளவர்களுக்குப் பிரைமாகுயின் ரத்தச் சிவப்பணுவை உடைக்கும். வசதி இருக்கும் இடத்தில் அந்தச் சோதனையை முதலில் செய்துவிடுவது நல்லது. சோதனை செய்யாமல் ஆரம்பித்தால் முதல் வாரம் சிறுநீரைக் கவனிக்கவேண்டும். கருங்காப்பி நிறத்தில் போனாலோ, கண் மஞ்சளித்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரி. கர்ப்பிணிக்கும் ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கும் இந்த மருந்து கிடையாது.

கொத்தமங்கலம் ஆச்சி | 7 அக்டோபர், காலை 6.30

தம்பி, பெரியவர் கல்லீரல் ஒரு பக்கம் இருக்கட்டும். உங்கள் மாடித் தொட்டியை முதலில் பாருங்கள்.

சின்டெக்ஸ் மூடி நாலைந்து கோடையில் நெளிந்துவிடும். திருகினாலும் ஒரு பக்கம் விரல் நுழையும். அதுபோதும். செங்கல் கட்டிச் சிமென்ட் பலகை போட்ட பழைய தொட்டியில் குழாய் உள்ளே போகிற ஓட்டையைச் சுற்றிக் கொத்திவிட்டது அப்படியே கிடக்கும். அதைக் கலவை வைத்து அடைக்கவேண்டும். வழிந்தோடும் குழாய் வாய்க்கு நைலான் வலை போட்டுக் கவ்வி வைத்து இறுக்கணும். நூல் கட்டினால் வெயிலில் இற்றுப்போகும். வலை அங்குலத்துக்கு 16 முதல் 18 கண் உள்ளதாக இருக்கட்டும். அதைவிடப் பெருங்கண் என்றால் கொசு புகுந்துவிடும். சிலர் வழியும் குழாயில் துணிப்பந்தைத் திணிக்கிறார்கள். மோட்டாரை மறந்த அன்றைக்குத் தண்ணீர் மூடி வழியாகப் பொங்கிச் சுவரில் இறங்கும்.

தொட்டியை வடித்துவிட்டோம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வெளியேறும் குழாய் அடித்தளத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே இருக்கும். குழாய் நின்றபிறகும் அடியில் அவ்வளவு தண்ணீர் நிற்கும். ஆளை இறக்கிப் பழைய துணியால் ஒற்றி எடுத்தால்தான் அது காலி.

இரண்டாம்கட்டு | 7 அக்டோபர், பகல் 1.10

ஆச்சி சொன்ன ‘விரல் நுழையும்’ மிகை இல்லை. இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியே தாராளம்.

புழு இருக்கிறதா என்று பார்க்க: மூடியைத் திறந்ததும் எட்டிப் பார்க்காதீர்கள். நிழல் விழுந்தால் புழு அடியில் போய்விடும், எதுவும் இல்லை என்று மூடிவிட்டு வருவீர்கள். இரண்டு மூன்று நிமிடம் அசையாமல் இருந்து டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். நீர்ப்பரப்புக்குப் படுக்கை வசமாக ஒட்டிக் கிடந்தால் அனாஃபிலிஸ். தலைகீழாகச் சாய்வாகத் தொங்கினால் கியூலெக்ஸ் அல்லது டெங்கு கொசு; அவற்றுக்கு மூச்சுக்குழல் உண்டு, இதற்கு இல்லை. வெள்ளை எனாமல் அகப்பையில் மொண்டு பார்த்தால் நன்றாகத் தெரியும். அகப்பையை நேராக அமிழ்த்தாமல் ஓரமாகச் சாய்த்து, மேல்பரப்பு நீர் தானாக உள்ளே வடிகிற மாதிரி பிடிக்கவேண்டும். வளர்ந்த கொசுவும் அடையாளம் காட்டும்: சுவரில் பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு உட்காரும், சிறகில் புள்ளி இருக்கும், பொழுது சாய்ந்து விடியும்வரை கடிக்கும்.

கொத்தனார்மகன் | 9 அக்டோபர், இரவு 8.05

பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் இடங்களை யாரும் சொல்லவில்லையே. தளம் போட்டுப் பாத்தி கட்டித் தண்ணீர் விடுவோம், ஏழு நாளுக்குக் குறையாமல். கொசுவுக்கு அதே ஏழு நாள். நாலாம் நாள் பாத்தியை உடைத்து ஒரு பகல் காயவிட்டால் தளம் வெடிக்கும் என்று பயந்து விடுவார்கள். அதற்குப் பதில் சாக்கை விரித்து நனைத்தால் தளத்துக்கும் ஈரம் கிடைக்கும், தேங்கிய நீரும் இருக்காது. சுண்ணாம்பு ஊறுகிற குழியில் புழு பிழைக்காது, காரம் அவ்வளவு. அதன் பக்கத்தில் கலவைக்கென்று நிரப்பி வைத்த தொட்டியும் டிரம்மும்தான் ஆபத்து.

வேலைக்கு ஒடிசா, சத்தீஸ்கர், ஜார்கண்ட் ஆட்கள் வருகிறார்கள். மலேரியா மிகுந்த பகுதிகள். வந்த வாரமே காய்ச்சல் இருக்கிறதோ இல்லையோ ரத்தம் பார்த்துவிடுவது மேஸ்திரிக்கும் நல்லது. ஒரு ஆள் படுத்தால் சாரம் கட்டியது கட்டியபடி நிற்கும்.

இரண்டாம்கட்டு | 10 அக்டோபர், காலை 7.25

கொத்தனார்மகன் சொன்னதோடு சேர்த்துப் படியுங்கள், ஆனால் ‘வெளியாள் கொண்டுவருகிறான்’ என்று நின்றுவிடாதீர்கள். கிருமியோடு ஒருவர் வந்தாலும், உள்ளூர்த் தொட்டியில் பிறந்த கொசு அவரைக் கடித்து, கிருமி அதன் உடம்பில் முதிர்ந்த பிறகுதான் அடுத்தவருக்குப் போகும். அதற்கு நம் வெப்பத்தில் சுமார் பத்து முதல் பதினான்கு நாள். அத்தனை நாள் உயிரோடு இருக்கும் கொசுக்கள் நிறைய வேண்டும். தொட்டி மூடியிருந்தால் அவர் கொண்டுவந்தது அவரோடு முடிந்துவிடும்.

பள்ளத்தூர்க்காரன் | 10 அக்டோபர், மாலை 5.50

தொட்டியில் பார்த்தேன். படுத்துக்கொண்டே இருக்கின்றன. நிறைய. தெருவுக்குப் புகை மருந்து அடிக்கச் சொல்லி மனு எழுதப் போகிறேன்.

கொத்தமங்கலம் ஆச்சி | 10 அக்டோபர், மாலை 6.15

புகை வண்டி வந்தால் தெருவுக்கே திருப்தி. கொசுவுக்கு இருமல் வரும், நமக்கும் வரும். வீட்டுக்குள் சுவரில் உட்கார்ந்திருக்கிறதை அது எட்டாது, தொட்டிக்குள் இருக்கும் புழுவைத் தொடவே தொடாது. மறுநாள் அடுத்த ஈடு பறக்கும். மனுவில் தொட்டிக்கு அபேட் என்கிற புழுக்கொல்லி மருந்து ஊற்ற ஆள் அனுப்பச் சொல்லி எழுதுங்கள்.

கொத்தனார்மகன் | 11 அக்டோபர், காலை 8.30

அபேட் தொட்டிக்கு ஒரு மூடி ஊற்றினால் சரியாக இருக்கும்.

இரண்டாம்கட்டு | 11 அக்டோபர், காலை 9.00

மூடிக் கணக்கு வேண்டாம். அபேட்டில் இருக்கும் மருந்து டெமிஃபாஸ். குடிதண்ணீரில் அதன் அளவு லிட்டருக்கு 1 மி.கி. 50 சதவீதக் கரைசலில் ஒரு மி.லி.யில் 500 மி.கி. மருந்து. ஆக ஆயிரம் லிட்டருக்கு 2 மி.லி. தொட்டியின் கொள்ளளவைப் பார்க்காமல் உள்ளே இருக்கும் தண்ணீரைக் கணக்கிடவேண்டும். கிணறு என்றால் விட்டம் இரண்டு மீட்டர், நீராழம் மூன்று மீட்டர் இருந்தால் ஏறக்குறைய 9,400 லிட்டர், 19 மி.லி. சிரிஞ்சில் அளந்து ஒரு வாளி நீரில் கலந்து பரப்பெங்கும் ஊற்றுவது முறை. நேராக ஒரே இடத்தில் ஊற்றினால் ஒரு மூலையில் மட்டும் வேலை செய்யும். வாரத்துக்கு ஒருமுறை திரும்ப. இதை நகராட்சி, ஊராட்சி கொசு ஒழிப்புப் பணியாளர் செய்யட்டும். பூச்சிமருந்துக் கடையில் கிடைப்பதை வாங்கிக் குடிதண்ணீரில் ஊற்றும் வேலையே கூடாது.

பி.டி.ஐ. என்கிற நுண்ணுயிர் மருந்தும் உண்டு. மனிதருக்கும் மீனுக்கும் தீங்கில்லை. ஆனால் அனாஃபிலிஸ் புழு மேல்பரப்பில் மேய்வது. மருந்து அடியில் படிந்துவிட்டால் அதன் வாய்க்கு எட்டாது. அதனால் ஆழமான கிணற்றில் அடிக்கடி போடவேண்டி வரும்.

கொத்தமங்கலம் ஆச்சி | 12 அக்டோபர், காலை 6.40

கிணற்றுக்கு மீன் போதும். மூன்றாம் கட்டுக் கிணற்றில் கப்பி மீன் விட்டால் சோறு போடவே வேண்டாம், தானாகப் பெருகும். கம்பூசியாவும் விடுவார்கள். இரும்பு வளையத்தில் வலை கட்டி வாயை மூடினால் இலையும் விழாது, கொக்கும் மீனைத் தூக்காது. குளோரின் பொடி போட்ட அன்றைக்கு மீனை விடாதீர்கள். ஒரு வாளித் தண்ணீரில் நாலு மீனை விட்டு ஒரு இரவு வைத்துப் பார்த்துவிட்டு மற்றதை விடலாம். மீன் விட்ட கிணற்றுக்கு அப்புறம் குளோரின் போடப் பணியாளர் வந்தால் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் மறுநாள் எல்லாம் மிதக்கும்.

நுண்ணாடி | 12 அக்டோபர், காலை 10.30

கம்பூசியாவை ஊருணியில் மட்டும் விடவேண்டாம். 1928-இல் இத்தாலியிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்த மீன் அது. கிணறு, தொட்டி மாதிரி அடைபட்ட நீரில் சரி. ஊருணியில் விட்டால் நாட்டு மீனின் குஞ்சையும் முட்டையையும் தின்றுவிடும், தவளைக் குஞ்சையும் விடாது. ஊருணியில் ஏற்கெனவே இருக்கும் நாட்டுச் சிறுமீன்களே அந்த வேலையைச் செய்கின்றன. அவற்றுக்குத் தடையாக இருப்பது கரையோரப் பாசியும் கோரையும். அதை வெட்டிக் கரையைச் செங்குத்தாக வைத்தால் மீனால் ஓரம்வரை போய் மேயமுடியும்.

இரண்டாம்கட்டு | 14 அக்டோபர், இரவு 9.20

ஊருணி பேச்சு வந்ததால் கண்மாயையும் சொல்லிவிடுகிறேன். நிறைந்த கண்மாய் பெரிய கவலை இல்லை, அலையும் மீனும் உண்டு. வற்றும்போதுதான் கவனிக்கவேண்டும். மாட்டுக் குளம்புக் குழி, மண் வெட்டிய பள்ளம், மடைக்குக் கீழே தேங்கிய வாய்க்கால், நட்ட புதுசில் வெயில் படும் வயல்: இவை அனாஃபிலிஸ் குலிசிஃபேசிஸ் என்ற கிராமத்துக் கொசுவுக்கு உகந்தவை.

மழை இல்லாத வருஷம் மலேரியா இருக்காது என்று நினைப்பவர்கள் இலங்கையைப் பார்க்கவேண்டும். 1934-இல் மழை பொய்த்து, தென்மேற்குப் பகுதியில் ஓடிக்கொண்டிருந்த ஆறுகள் குட்டை குட்டையாக நின்றன. இதே குலிசிஃபேசிஸ் பெருகி 1934-35-இல் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள்.

இந்தக் கொசுவுக்கு மனித ரத்தத்தைவிட மாட்டு ரத்தம் பிடிக்கும். அதனால் கொட்டிலை ஒட்டிக் கட்டில் போட்டுப் படுப்பது விருந்து நடக்கும் இடத்தில் போய் உட்கார்வதுதான். இதில் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும் ஐந்து உள்வகைகள் உண்டு. ‘பி’ என்பது மலேரியாவைப் பரப்புவதில் சோடை. ராமேஸ்வரம் தீவில் கண்டுபிடித்த ‘ஈ’ அப்படி இல்லை, நன்றாகப் பரப்பும். ராமேஸ்வரம் போய்விட்டு வந்து காய்ச்சல் என்றால் மருத்துவரிடம் ஊர்ப் பெயரைச் சொல்லவேண்டும்.

பள்ளத்தூர்க்காரன் | 15 அக்டோபர், காலை 8.10

பெரியவர் ஜி6பிடி சரியாக இருக்கிறது. 14 நாள் மாத்திரை ஆரம்பித்தாயிற்று. கூடவே நிலவேம்பும் குடிக்கிறார், தடுக்க முடியவில்லை. இன்னொருவர் மரிக்கொழுந்தை அரைத்துக் கொடுக்கச் சொல்கிறார், சீனாக்காரர்களின் மலேரியா மருந்து அதே செடிதானாம்.

நுண்ணாடி | 15 அக்டோபர், பகல் 12.45

நிலவேம்பைக் குடிக்கட்டும், மாத்திரையை நிறுத்தாமல். அதை நம்பி ரத்தச் சோதனையைத் தள்ளிப்போடுவதுதான் கெடுதல்.

மரிக்கொழுந்தும் அந்தச் சீனச் செடியும் ஒரே பேரினம், ஆனால் வேறு வேறு இனம். ஆர்டிமிசினின் எடுப்பது ஆர்டிமிசியா அன்னுவாவிலிருந்து. அதற்காகத்தான் தூ யூயூவுக்கு 2015-இல் நோபல். மரிக்கொழுந்தைத் தலையில் வைக்கலாம், சாமிக்குப் போடலாம். அசல் செடியையே கஷாயம் வைத்தாலும் அளவு நிற்காது; குறை அளவில் குடித்தால் கிருமி சாகாமல் பழகிக்கொள்ளும். இன்னொரு மலேரியா வகையான ஃபால்சிபாரத்துக்கு அந்த மருந்தை இன்னொன்றோடு சேர்த்தே கொடுப்பதும் அதனால்தான்.

கொத்தனார்மகன் | 15 அக்டோபர், இரவு 7.30

அந்தக் காலத்து மலேரியா மருந்து கொயினா எங்கே போச்சு? நீலகிரியில் இதற்கென்றே மரம் வைத்தார்களே.

இரண்டாம்கட்டு | 15 அக்டோபர், இரவு 8.15

1860-களில் தொட்டபெட்டா பக்கமும் நடுவட்டத்திலும் கொயினா எடுக்கும் சிங்கோனா மரம் போட்டார்கள், நடுவட்டத்தில் கொயினா ஆலையும் ஓடியது. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பல் ஏறிய காலத்தில் அதுதான் கைமருந்து. கல்லீரலில் படுத்திருப்பதை அதுவும் தொடாது. ‘பர்மா ஜுரம் விட்டு விட்டு வரும்’ என்று சொன்னதற்கெல்லாம் காரணம் அங்கே இருக்கிறது.

நுண்ணாடி | 2 நவம்பர், காலை 10.00

மழை பிடித்துவிட்டது, டெங்குவும் சேர்ந்துகொள்ளும். சோதனை பற்றிச் சில.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் முறைக் காய்ச்சலாக வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். முதல் சில நாள் எந்த ஒழுங்கும் இருக்காது. குளிர் வரும்போதுதான் ரத்தம் எடுக்கவேண்டும் என்பதும் இல்லை, எப்போதும் எடுக்கலாம். முதல் மாத்திரைக்கு முன் எடுக்கவேண்டும், அவ்வளவுதான். கண்ணாடிச் சில்லில் தடிப்பூச்சு, மென்பூச்சு இரண்டும் வேண்டும்: தடியில் கிருமி இருக்கிறதா என்று தெரியும், மென்மையில் எந்த வகை என்று தெரியும். ஒன்றும் இல்லை என்று வந்து காய்ச்சல் தொடர்ந்தால் 12 முதல் 24 மணி நேரம் கழித்து மறுபடி.

பட்டைச் சோதனை கால் மணியில் முடியும். கிருமி குறைவாக இருந்தால் தவறவிடும். ஃபால்சிபாரம் கோடு மருந்து முடிந்து சில வாரம் வரைகூடத் தெரிந்துகொண்டே இருக்கும், அதனால் குணமாகிவிட்டதா என்று பார்க்க அது உதவாது, பூச்சுதான் பார்க்கவேண்டும்.

தட்டணு குறைந்திருக்கிறது என்றாலே டெங்கு என்று முடிவு கட்டாதீர்கள். விவாக்ஸிலும் குறையும். பேச்சுக் குழறல், வலிப்பு, மூச்சுத்திணறல், மஞ்சள் கண், சிறுநீர் குறைவது, தண்ணீர்கூடக் குடிக்க முடியாமை: இதில் ஒன்று இருந்தாலும் அன்று இரவே பெரிய ஆஸ்பத்திரி. கர்ப்பிணிக்குக் காய்ச்சல் என்றாலே தாமதம் கூடாது.

கொத்தமங்கலம் ஆச்சி | 3 நவம்பர், காலை 6.20

டெங்கு கொசுவையும் சேர்த்துச் சொன்னதால்: அதன் முட்டை அண்டாவின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும், தண்ணீர் பட்டதும் பொரியும். வெறுமனே கவிழ்த்தால் போதாது, தேங்காய் நாரால் ஓரத்தைத் தேய்க்கணும். மலேரியாக் கொசு முட்டை காய்ந்தால் செத்தது. ஓட்டுச் சரிவிலிருந்து முற்றத்தில் வடிகிற மழைத் தண்ணீரைப் பிடிக்கும் அண்டாவுக்கு இரண்டு கொசுவும் வரும் என்பதால் வாரம் ஒருநாள் காலி செய்து தேய்ப்பதே வழி. தாழ்வாரத் தகரத்தில் வேப்பிலை அடைத்து நிற்கிற தண்ணீரை ஏணி போட்டால்தான் பார்க்கலாம்.

சன்னலுக்கெல்லாம் வலை அடித்துவிட்டு வானம் பார்த்த முற்றத்தைத் திறந்து வைப்பதில் அர்த்தமில்லை. முற்றத்துக் கம்பிக்கு மேல் வலை விரித்தால் ஒரு மழைக்கு இலை சேர்ந்து தொங்கிவிடும். படுக்கிற அறைக்கு மட்டும் கதவோடு வலை போடுங்கள். பட்டாலைத் திண்ணையில் படுப்பவர்களுக்கு ஊஞ்சல் கொக்கியில் கொசுவலை.

இரண்டாம்கட்டு | 3 நவம்பர், பகல் 2.00

வலை வாங்குவதென்றால் மருந்து ஊட்டிய நீடித்த வலை. பிரித்ததும் ஒரு நாள் நிழலில் காயவிட்டுப் பிறகு கட்டவேண்டும், இல்லையென்றால் முகம் எரியும். சாதாரணச் சோப்பில் அலசி நிழலில் உலர்த்தினால் சுமார் 20 சலவை அல்லது மூன்று வருஷம் தாங்கும். வெயிலில் போட்டால் மருந்து சிதையும். ஊருணிப் படியில் வைத்து அலசாதீர்கள், அந்த மருந்து மீனைக் கொல்லும். அலசிய நீரை மண்ணில் குழி தோண்டி ஊற்றவேண்டும். ஓரத்தைப் பாயின் கீழ் செருகாமல் தொங்கவிடுவதுதான் வழக்கமான கோளாறு. பாதி ராத்திரி உள்ளே வந்த கொசு விடியும்வரை வெளியே போகாது.

பள்ளத்தூர்க்காரன் | 9 ஜனவரி, இரவு 9.15

பெரியவருக்கு 14 நாளும் முடிந்து, அதற்குப் பிறகு எடுத்த பூச்சில் ஒன்றும் இல்லை. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக் காவடியோடு நடக்கிறார். வழியில் வெளியில்தான் படுக்கை. மலேசியாவிலிருந்து இரண்டு உறவினர்களும் சேர்ந்துகொள்கிறார்கள். அங்கே மலேரியா இல்லையாமே?

நுண்ணாடி | 10 ஜனவரி, காலை 7.40

மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியாவை மலேசியா 2018 முதல் அடக்கி வைத்திருக்கிறது. குரங்கிலிருந்து வரும் நோலெசி என்கிற மலேரியா வகை அங்கே உண்டு. காட்டோரம் வேலை பார்ப்பவர் என்றால் காய்ச்சலின்போது சொல்லவேண்டும்; நுண்ணாடியில் அது வேறு வகை மாதிரி ஏமாற்றும், 24 மணிக்கொருமுறை பெருகுவதால் வேகமும் அதிகம். இலங்கையிலிருந்து வருபவர் பற்றிக் கேட்டால்: 2016 செப்டம்பரில் மலேரியா ஒழிந்த நாடு என்று சான்று வாங்கினார்கள், அதே ஆண்டு இறுதியில் மன்னாரில் ஸ்டீபன்சி கொசு அகப்பட்டது. கொசு வந்துவிட்டதால் அவர்கள் கிணறு கிணறாகப் பார்க்கவேண்டி வந்தது.

நடைப்பயணத்துக்கு: சாயங்காலம் தங்குமிடம் வந்ததும் கால், கை, கழுத்துக்கு கொசுவை விரட்டும் டீட் மருந்து கலந்த களிம்பு, 20 முதல் 30 சதவீதம். வேப்பெண்ணெய் சீக்கிரம் போய்விடும். ஒற்றையாள் மடக்கு வலை பையில் அடங்கும். ஊரில் இருக்கும்போது இங்கே யாருக்கும் தடுப்பு மாத்திரை தேவையில்லை. ஆப்பிரிக்கா போகிறவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுப் புறப்படுமுன்பே தொடங்கவேண்டும். டாக்சிசைக்ளின் என்றால் திரும்பி வந்து நாலு வாரம் வரை. பாதியில் விட்டால் நாம் மேலே பேசிய பதினான்கு நாள் கதைதான். பெரியவருக்கு இன்னும் ஒரு வருஷத்துக்குள் எந்தக் காய்ச்சல் வந்தாலும், ஏற்கெனவே விவாக்ஸ் இரண்டு தடவை வந்தது என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.